பொறியியல் படிக்காமல் எம்பிஏ சேருகிறீர்களா? முதல் டெர்முக்கு இப்படித் தயாராகுங்கள்

பி.ஏ., பி.காம்., பி.பி.ஏ., பி.எஸ்சி. என்று ஏதோ ஒரு பட்டம் முடித்து, ஐஐஎம் அல்லது அதற்கு இணையான ஒரு நிறுவனத்தில் இரண்டாண்டு முழுநேர எம்பிஏவுக்கு இடம் வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறோம். சேர்க்கைக் கடிதம் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் கைக்கு வரும். வகுப்பு ஜூனிலோ ஜூலையிலோ தொடங்கிவிடும். இடையில் இருக்கும் ஆறு முதல் எட்டு வாரங்களை எப்படிச் செலவிடுவது, உள்ளே போனபின் முதல் டெர்மை, அதாவது முதல் பருவத்தை, எப்படிக் கடப்பது என்பதே விஷயம்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். வகுப்பில் பெரும்பாலானவர்கள் பொறியியல் படித்தவர்களாகவே இருப்பார்கள். அவர்களுக்கும் கணக்குப்பதிவியல் புதிது, மார்க்கெட்டிங் புதிது, நிறுவன நடத்தையியல் புதிது. அவர்களிடம் இருப்பதும் உங்களிடம் இல்லாததும் ஒன்றே ஒன்றுதான்: நான்கு ஆண்டுகள் சமன்பாடும் வரைபடமும் போட்டுப் பழகிய கை. பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் முழுக்க நடக்கும் புள்ளியியல் இங்கே இருபது வகுப்புகளில் முடிந்துவிடும். ஆசிரியர் கரும்பலகையில் இரண்டு வரிகளைத் தாண்டி மூன்றாவது வரிக்குப் போகும்போது, அந்த இரண்டு வரிகளை மனதுக்குள் போட்டுவிட அவர்களால் முடிகிறது, உங்களால் முடிவதில்லை. பிரச்சினை வேகத்தில் இருக்கிறது. வேகம் பழக்கத்தால் வருவது, அதற்கு எட்டு வாரம் போதும்.

சில ஐஐஎம்கள் பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்குத் தேர்வுப் பட்டியலில் கூடுதல் மதிப்பெண் கொடுக்கின்றன. அதைக் காரணம் காட்டி, 'உங்களுக்கு இடம் சும்மா கிடைத்தது' என்று விடுதியில் யாராவது சொல்லக்கூடும். பல துறையினர் சேர்ந்திருந்தால்தான் விவாதம் உருப்படும் என்று நிறுவனமே எடுத்த முடிவு அது. அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க முதல் டெர்மில் நேரம் இருக்காது.

சேரும் முன்: நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம்

எட்டு வாரம் இருந்தால் இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் பள்ளிக் கணிதம், அடுத்த இரண்டு வாரம் கணக்குப்பதிவியல், அதன்பின் இரண்டு வாரம் புள்ளியியல், கடைசி இரண்டு வாரம் எக்செலும் நுண்பொருளியலும். ஆறு வாரம்தான் இருக்கிறது என்றால் நுண்பொருளியலை விட்டுவிடலாம், எக்செலை விடக்கூடாது.

புத்தகத்துக்காகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் 11, 12ஆம் வகுப்புக் கணக்குப்பதிவியல் நூல்களும், வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் நூல்களும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்வழியில் படித்தவர்கள் இரண்டையும் அருகருகே திறந்துவைத்துப் படியுங்கள். தமிழில் படித்தால் கருத்து சட்டென்று பிடிபடும். வகுப்பில் காதில் விழப்போகும் ஆங்கிலச் சொல்லும் அப்போதே பழகிவிடும். என்சிஇஆர்டி நூல்களும் இதே அளவுக்கு உதவும். காணொளி வேண்டுமானால் ஸ்வயம், என்பிடெல் தளங்களில் இலவசப் பாடங்கள் உண்டு. ஒன்றைக் கவனியுங்கள்: காணொளி பார்ப்பதைப் படிப்பாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். தாளில் தனியாகப் போடும்போதுதான் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியும். அரை மணி நேரம் பார்த்தால் ஒரு மணி நேரம் போட வேண்டும்.

கணிதத்தில் எதையெல்லாம் தொட வேண்டும்? சதவீதம், எடையிட்ட சராசரி, அடுக்குக்குறி, மடக்கை, நேர்க்கோட்டின் சாய்வு, இரண்டு மாறிகள் கொண்ட ஒருங்கமை சமன்பாடுகள், பல்லுறுப்புக் கோவையின் வகைக்கெழு. இவ்வளவுதான். முக்கோணவியல் வேண்டாம். தொகையீட்டில் ஆழமாக இறங்க வேண்டாம். ஒரு வளைவரையின் கீழுள்ள பரப்பு என்றால் என்ன என்று தெரிந்தால் போதும்.

கணிதத்தை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவர்களை முதலில் மிரட்டுவது சிக்மா குறிதான். 'சராசரியிலிருந்து விலக்கங்களின் வர்க்கங்களின் கூடுதல்' என்று ஒரு சூத்திரம் வந்தால், அதைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே மூன்று எண்களைப் போட்டு விரித்துவிடுங்கள். 2, 4, 9 என்று எடுத்துக்கொள்வோம். சராசரி 5. விலக்கங்கள் −3, −1, 4. வர்க்கங்கள் 9, 1, 16. கூட்டினால் 26. இது ஒரு மாதிரியிலிருந்து (பெரிய தொகுதியிலிருந்து எடுத்த சிறு பகுதி) வந்த தரவு என்றால் 2ஆல் வகுக்க 13, வர்க்கமூலம் எடுக்க 3.61. முழுமைத் தொகுதியே இவ்வளவுதான் என்றால் 3ஆல் வகுக்க 8.67, வர்க்கமூலம் 2.94. எந்தச் சூத்திரம் வந்தாலும் மூன்று எண்களைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், முதல் குவிஸில் (வகுப்பில் வைக்கும் சிறு தேர்வு) கை நடுங்காது. காசியோ எஃப்எக்ஸ்-991 வகைக் கால்குலேட்டர் ஒன்றை வாங்கி, இதே கணக்கை அதன் புள்ளியியல் பயன்முறையில் போட்டுப் பாருங்கள். திட்ட விலக்கத்துக்கு அதில் இரண்டு விடைகள் கிடைக்கும், ஒன்று 3.61, மற்றொன்று 2.94. எந்தக் குறி எதற்கு என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளாதவர்கள் தேர்வில் தவறானதை எழுதிவிடுகிறார்கள்.

கணக்குப்பதிவியல்: ஒரு மாவுக் கடையை வைத்து

முதல் டெர்மில் அதிகம் பேர் தடுமாறும் பாடம் இது. தடுமாற்றத்தின் காரணம் பெரும்பாலும் வங்கிப் புத்தகம். வங்கியிலிருந்து 'உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டது' என்று செய்தி வந்தால் பணம் கூடியிருக்கிறது என்று நமக்குப் பழக்கம். வகுப்பிலோ ரொக்கம் கூடினால் பற்று எழுதச் சொல்கிறார்கள். முரண்பாடு ஏதுமில்லை. வங்கியின் குறிப்பு வங்கியின் கணக்கேடு. அதில் உங்கள் பணம் வங்கி உங்களுக்குத் தர வேண்டிய கடன். கடன் கூடினால் வரவு. உங்கள் ஏட்டில் அதே பணம் சொத்து. சொத்து கூடினால் பற்று. இதை ஒருமுறை தெளிவாக்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்தது, கீழே உள்ள கணக்கை ஒரு தாளில் நீங்களே போடுங்கள். விடையைப் படித்துவிட்டு நகர்ந்தால் பயன் இல்லை.

ஏப்ரல் 1 அன்று ஒருவர் 3,00,000 ரூபாய் முதல் போட்டு இட்லி மாவுக் கடை தொடங்குகிறார். 1,20,000க்கு அரவை இயந்திரம்; ஐந்து ஆண்டு உழைக்கும், கடைசியில் மதிப்பு எதுவும் இராது. கடை முன்பணம் 50,000. அந்த மாதம் 40,000க்கு அரிசி, உளுந்து கடனுக்கு வாங்குகிறார். மாத முடிவில் 5,000க்கான சரக்கு மீதம். விற்பனை 90,000; இதில் 70,000 ரொக்கம், ஹோட்டல்கள் தர வேண்டியது 20,000. வாடகை 10,000 கொடுத்தாயிற்று. கூலி 15,000, அதில் 12,000 கொடுத்தாயிற்று, 3,000 பாக்கி.

இலாபம் எவ்வளவு? விற்பனை 90,000. அதில் பயன்படுத்திய சரக்கு 35,000, வாடகை 10,000, கூலி 15,000, இயந்திரத்தின் ஒரு மாதத் தேய்மானம் 2,000 (1,20,000ஐ 60 மாதத்துக்குப் பிரித்தது) ஆகியவற்றைக் கழிக்க 28,000. இங்கே மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கும். வாங்கிய 40,000ஐ முழுதாகக் கழிப்பது; கொடுத்த கூலி 12,000ஐ மட்டும் கழிப்பது; கடை முன்பணத்தைச் செலவாகக் காட்டுவது. முன்பணம் திரும்பி வரும் பணம், ஆகவே அது சொத்து.

பெட்டியில் ரொக்கம் எவ்வளவு? 3,00,000லிருந்து இயந்திரம், முன்பணம், வாடகை, கொடுத்த கூலி எல்லாம் போக, ரொக்க விற்பனையைக் கூட்டினால் 1,78,000. மாதம் 28,000 இலாபம், ஆனாலும் பெட்டியில் தொடங்கியதைவிட 1,22,000 குறைவு. 'இலாபம் வந்தும் கையில் காசு இல்லையே' என்று வியாபாரிகள் புலம்புவதன் காரணம் இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடுகிறது.

இருப்புநிலைக் குறிப்பு (ஒரு பக்கம் சொத்து, மறுபக்கம் கடனும் முதலும்): ரொக்கம் 1,78,000, வர வேண்டியது 20,000, சரக்கு 5,000, முன்பணம் 50,000, இயந்திரம் 1,18,000. மொத்தம் 3,71,000. மறுபக்கம், சரக்குக் கடன் 40,000, கூலிப் பாக்கி 3,000, முதலும் இலாபமும் சேர்ந்து 3,28,000. அதுவும் 3,71,000. இரண்டு பக்கமும் பொருந்தவில்லை என்றால் ஏதோ ஒரு நிகழ்வை ஒரு பக்கம் மட்டும் எழுதியிருக்கிறீர்கள் என்று பொருள். வித்தியாசத் தொகையை இரண்டால் வகுத்துப் பாருங்கள். அந்த எண் கணக்கில் எங்காவது இருந்தால், அதைக் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருப்பீர்கள்.

கடைசிப் படி ரொக்க ஓட்ட அறிக்கை. மறைமுக முறையில், இலாபம் 28,000லிருந்து தொடங்கித் தேய்மானம் 2,000ஐக் கூட்டி, வராத 20,000ஐயும் தேங்கிய சரக்கு 5,000ஐயும் கழித்து, கொடுக்காத 40,000ஐயும் 3,000ஐயும் கூட்டினால் 48,000. ரொக்க விற்பனை 70,000லிருந்து வாடகையையும் கொடுத்த கூலியையும் கழித்தாலும் அதே 48,000 வரும். தேய்மானத்தை ஏன் கூட்டுகிறோம் என்பது வகுப்பில் நிச்சயம் கேட்கப்படும் கேள்வி. தேய்மானம் காசைக் கொண்டுவருவதில்லை. இலாபம் கணக்கிடும்போது, காசு வெளியே போகாத ஒன்றைக் கழித்துவிட்டோம். அதைத் திரும்பச் சேர்க்கிறோம், அவ்வளவுதான்.

இதைப் போட்டு முடித்த கையோடு, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட ஏதாவது ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை அதன் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். உற்பத்தி நிறுவனமாக இருப்பது நல்லது. வங்கி, காப்பீட்டு நிறுவனங்களின் அறிக்கை அமைப்பே வேறு; முதலில் அவற்றைத் தொடாதீர்கள். இலாப நட்டம், இருப்புநிலை, ரொக்க ஓட்டம் என்ற மூன்று அறிக்கைகளையும் எடுத்து, மாவுக் கடையில் பார்த்த ஒவ்வொரு வரியும் அங்கே எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

பி.காம். படித்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்தப் பாடம் தெரிந்ததுதானே என்று முதல் மூன்று வாரம் வகுப்பில் அசந்து உட்காருவது நடக்கிறது. நீங்கள் படித்தது பதிவு செய்வது. இங்கே கேட்பது, பதிவு செய்த கணக்கைப் பார்த்து நிறுவனத்தின் நிலையைச் சொல்வது. விற்பனை கூடியும் செயல்பாட்டு ரொக்கம் எதிர்மறையாகப் போனது ஏன் என்ற கேள்விக்குப் படிவம் மனப்பாடமாக இருந்தால் மட்டும் பதில் வராது.

புள்ளியியலில் எங்கே சறுக்கும்

சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம், நிகழ்தகவு, இயல்நிலைப் பரவல் வரை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். மாதிரிப் பரவல், கருதுகோள் சோதனை, ரெக்ரஷன் (ஒரு மாறி இன்னொன்றோடு எப்படி மாறுகிறது என்று கோடு பொருத்திப் பார்ப்பது) ஆகியவற்றை வகுப்பில் படிக்கலாம். முதல் பகுதி கையில் இருந்தால் இரண்டாம் பகுதி ஓடிவிடும்.

புதுத் தகவல் வந்தபின் நிகழ்தகவு எப்படி மாறுகிறது என்று சொல்லும் பேய்ஸ் தேற்றத்தைச் சூத்திரமாகப் படிக்காதீர்கள். ஆயிரம் பேரை வைத்துப் படியுங்கள். நூறில் ஒருவருக்கு இருக்கும் நோய். நோய் இருப்பவர்களில் 90 சதவீதம் பேரைச் சோதனை சரியாகக் கண்டுபிடிக்கும். இல்லாதவர்களில் 10 சதவீதம் பேருக்கும் தவறாக 'இருக்கிறது' என்று காட்டும். ஆயிரம் பேரில் நோயுள்ளவர் 10, அதில் 9 பேருக்கு 'இருக்கிறது'. நோயில்லாத 990 பேரில் 99 பேருக்கும் 'இருக்கிறது'. ஆக 'இருக்கிறது' என்று வந்த 108 பேரில் உண்மையில் நோயுள்ளவர் 9, அதாவது சுமார் 8.3 சதவீதம். குவிஸில் வரும் பேய்ஸ் கணக்குகளில் பெரும்பகுதியை இப்படி ஒரு சிறு அட்டவணை போட்டே முடிக்கலாம். சூத்திரத்தில் எதைக் கீழே எழுதுவது என்ற தடுமாற்றமே வராது.

இரண்டாவது சறுக்கல், திட்ட விலக்கத்தையும் திட்டப் பிழையையும் ஒன்றாக நினைப்பது. ஒரு கடையின் தினசரி விற்பனை 400 ரூபாய் திட்ட விலக்கத்தோடு மேலும் கீழும் ஆடுகிறது என்று வையுங்கள். 64 நாள் தரவின் சராசரி 2,000. அந்தச் சராசரியின் திட்டப் பிழை 400ஐ 64இன் வர்க்கமூலமான 8ஆல் வகுத்த 50. ஆகவே உண்மைச் சராசரிக்கான 95 சதவீத இடைவெளி, 1.96 மடங்கு எடுத்து, 1,902 முதல் 2,098 வரை. தனித்தனி நாளின் விற்பனை இந்த இடைவெளிக்குள் இருக்கும் என்று எழுதினால் மதிப்பெண் போகும். ஒரு நாளின் ஆட்டம் 400, சராசரியின் ஆட்டம்தான் 50.

பி-மதிப்பு 0.03 என்று வந்தால், இன்மைக் கருதுகோள் ('வித்தியாசம் எதுவும் இல்லை' என்ற தொடக்க அனுமானம்) உண்மையாக இருக்க 3 சதவீதம் வாய்ப்பு என்று எழுதுபவர்கள் ஏராளம், பொறியாளர்களும் சேர்த்துத்தான். இன்மைக் கருதுகோள் உண்மை என்றே வைத்துக்கொண்டால், இவ்வளவு விலகிய அல்லது இன்னும் விலகிய தரவு கிடைக்க 3 சதவீதம் வாய்ப்பு என்பதே சரி. இந்த ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் உங்கள் கையெழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நுண்பொருளியலுக்குத் தேவையான ஒரே வகைக்கெழு

விலை = 100 − 2 × அளவு என்று ஒரு பொருளுக்குத் தேவை இருக்கிறது; ஒவ்வொன்றையும் தயாரிக்க 20 ரூபாய். மொத்த வருவாய் 100 × அளவு − 2 × அளவின் வர்க்கம். அதன் வகைக்கெழு, அதாவது கூடுதலாக ஒன்றை விற்றால் கிடைக்கும் இறுதிநிலை வருவாய், 100 − 4 × அளவு. இதைக் கூடுதலாக ஒன்றைத் தயாரிக்கும் செலவான 20க்குச் சமப்படுத்தினால் அளவு 20, விலை 60, இலாபம் 800. தேவைக்கோட்டில் 2 ஆக இருந்த சாய்வு இறுதிநிலை வருவாயில் 4 ஆனது ஏன் என்று யோசியுங்கள். கூடுதலாக ஒன்றை விற்க விலையைக் குறைத்தால், ஏற்கெனவே விற்கக்கூடிய எல்லாவற்றின் விலையும் சேர்ந்து குறைகிறது. நம்பிக்கை வரவில்லையென்றால் எக்செலில் அட்டவணை போடுங்கள்: 19 விற்றால் இலாபம் 798, 20க்கு 800, 21க்கு மறுபடி 798. வகைக்கெழு என்ற சொல்லைக் கேட்டாலே விலகி ஓடுபவர்களுக்கு இந்த அட்டவணைதான் மருந்து.

எக்செல்

விண்டோஸ் மடிக்கணினி வாங்குங்கள். மேக்கில் எக்செல் இயங்கும், ஆனால் பவர் பிவட் போன்ற சில வசதிகள் அதில் இல்லை. வகுப்பில் சொல்லித்தரும் குறுக்குவிசைகளும் மாறும். நினைவகம் 16 ஜிபி இருந்தால் நிம்மதி.

கற்க வேண்டியவை: எஃப்4 அழுத்தி முகவரியைப் பூட்டுவது, சம்இஃப்ஸ், இஃப், இண்டெக்ஸ்-மேட்ச், பிவட் டேபிள், கோல் சீக், டேட்டா டேபிள், பிறகு சால்வர். சால்வரையும் டேட்டா அனாலிசிஸ் டூல்பேக்கையும் ஆட்-இன்ஸ் பட்டியலில் போய் நாமே இயக்க வேண்டும். முதல் ரெக்ரஷன் வகுப்பன்று அதைத் தேடிக்கொண்டிருக்காமல் முன்பே செய்துவிடுங்கள்.

இரண்டு பொறிகளை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். பட்டியலில் தேடி எண்ணை எடுத்துத்தரும் விலுக்கப் சார்பின் கடைசி இடத்தில் 'ஃபால்ஸ்' என்று கொடுக்காமல் விட்டால், எக்செல் தோராயப் பொருத்தத்தைத் தேடும். பட்டியல் வரிசைப்படுத்தப்படாமல் இருந்தால் பிழைச்செய்தியே காட்டாமல் தவறான எண்ணைக் கொண்டுவந்து வைத்துவிடும். அடுத்தது என்பிவி, அதாவது எதிர்கால வரவுகளை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து முதலீட்டைக் கழித்த நிகர மதிப்பு. இன்று 1,00,000 போட்டு மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு 40,000 வரும் திட்டம், வட்டி 10 சதவீதம். சரியான விடை −526. இன்றைய முதலீட்டையும் சேர்த்து நான்கு எண்களையும் என்பிவி சார்புக்குள் போட்டால் −478 வரும். அந்தச் சார்பு முதல் எண்ணையே ஓராண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொள்வதுதான் காரணம். குறி மாறாததால் யாருக்கும் சந்தேகம் வராது. மூன்று வரவுகளை மட்டும் சார்புக்குள் கொடுத்து, முதலீட்டை வெளியே தனியாகக் கழியுங்கள்.

கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டிய தாள்கள்

கல்விக் கடன் ஒப்புதலுக்கு வாரக்கணக்கில் ஆகலாம். சேர்க்கைக் கடிதம் வந்த வாரமே வங்கிக்குப் போய்விடுங்கள். பெற்றோரின் வருமானச் சான்று, ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, பான், ஆதார் நகல்களோடு போனால் ஓர் அலைச்சல் குறையும். பிற்காலத்தில் இந்தக் கடனின் வட்டிக்கு எட்டு ஆண்டு வரை வருமான வரி விலக்கு கோரலாம். பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும்.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வகுப்பு தொடங்கிச் சில வாரங்களிலேயே கோடைகாலப் பயிற்சிக்கான (விடுமுறையில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்ப்பது) ஒரு பக்க சிவியைக் கேட்பார்கள். அதில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் சான்று வேண்டும். வேலைவாய்ப்பைக் கவனிக்கும் பிளேஸ்மென்ட் கமிட்டி சரிபார்க்கும், சான்று இல்லாத வரியை வெட்டிவிடும். கலைக் கல்லூரிகளில் துறை மன்றச் செயலாளராக இருந்தது, நாட்டு நலப்பணித் திட்ட முகாமை நடத்தியது, மாவட்ட அளவில் விளையாடியது, பட்டிமன்றத்தில் பரிசு வாங்கியது எதற்கும் பலரிடம் தாள் இருக்காது. ஊரை விட்டுக் கிளம்பும் முன் கல்லூரிக்குப் போய், முதல்வர் அல்லது துறைத்தலைவர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள கடிதம் வாங்குங்கள். கடிதத்தில் எண் இருக்கட்டும்: எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், எவ்வளவு நிதி திரட்டினீர்கள், எத்தனை பேரில் எத்தனையாவது இடம். பல்கலைக்கழகத் தரவரிசை இருந்தால் அதற்கும் தனிச் சான்று கேளுங்கள். ஆகஸ்டில் வேறு ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்டால் கிடைப்பது அரிது.

உள்ளே போன பிறகு

பல நிறுவனங்கள் பொறியியல், வணிகவியல் படிக்காதவர்களுக்காக வகுப்புக்கு முன் ஒன்றிரண்டு வாரம் ஆயத்தப் பாடம் நடத்துகின்றன. கட்டாயம் இல்லை என்றாலும் போங்கள்.

மதிப்பீடு பெரும்பாலும் ஒப்பீட்டு முறையில் இருக்கும். நீங்கள் 60 வாங்கினீர்களா 80 வாங்கினீர்களா என்பதைவிட வகுப்பின் நடுப்பகுதிக்கு மேலா கீழா என்பதே கிரேடைத் தீர்மானிக்கும். அறிவிக்காமல் வரும் குவிஸ்கள் சிறு பங்குதான். ஆனால் நடுப்பகுதியில் எல்லோரும் நெருக்கமாக நிற்பதால் இரண்டு குவிஸைத் தவறவிட்டவர் ஒரு கிரேடு இறங்கிவிடுவார். வருகைப்பதிவு குறைந்தாலும் கிரேடு குறைக்கும் இடங்கள் உண்டு. முதல் வாரமே ஒவ்வொரு பாடத்தின் திட்டத்தாளையும் எடுத்து, எதற்கு எத்தனை சதவீதம் என்று ஒரே அட்டவணையில் எழுதி வையுங்கள்.

குழு வேலைதான் பொறியியல் அல்லாதவர்களின் தலையெழுத்தை நிர்ணயிக்கும் இடம். ஐந்தாறு பேர் குழுவில் முதல் நாளே வேலை பிரியும்: எக்செல் தெரிந்தவர் எக்செல், நன்றாக எழுதுபவர் அறிக்கை. நீங்கள் பி.ஏ. என்றால் அறிக்கையும் ஸ்லைடுகளும் உங்களிடம் வரும். எல்லோருக்கும் அது வசதி, உங்களுக்கும்தான். ஆனால் பத்து வாரம் கழித்து எண்ட்-டெர்ம் தேர்வில் எக்செல் தெரிந்தவர் உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுத்தரப் போவதில்லை. ஆகவே முதல் கூட்டத்திலேயே கேளுங்கள்: கணக்கு உள்ள ஒப்படைப்புகளில் முதல் வரைவை நான் போடுகிறேன், நீ சரிபார். நேரம் இரண்டு மடங்கு ஆகும், தவறும் வரும். நண்பர் திருத்தும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து, எந்த வரியில் பிசகியது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதிலுக்கு அவருடைய அறிக்கையை நீங்கள் திருத்திக் கொடுக்கலாம். நான்கு ஆண்டுகள் பொறியியல் படித்தவர்களில் பலருக்கு இரண்டு பக்கம் தொடர்ச்சியாக எழுதுவது கடினமாகவே இருக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் நியாயமானது.

கேஸ் விவாதம், அதாவது ஒரு நிறுவனம் சந்தித்த சிக்கலைப் படித்து வந்து வகுப்பில் விவாதிப்பது, உங்கள் களம். ஐஐஎம் அகமதாபாத் 1961இல் ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் ஒத்துழைப்போடு தொடங்கியதிலிருந்து இந்த முறை இந்தியாவில் வேரூன்றியது. பதினைந்து பக்கக் கேஸைப் படிக்க முதலில் இரண்டு மணி நேரம் பிடிக்கும். முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் படித்து, யார், எதை, எப்போதுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்து அட்டவணைகளின் தலைப்புகளை மட்டும் பாருங்கள். அதன்பிறகு முழுதாக ஒருமுறை. மீதி நேரத்தில் ஒரே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள், இலாப விளிம்போ, இலாபமும் நட்டமும் இல்லாத சமநிலைப் புள்ளியோ ஏதாவது. இலக்கியமும் வரலாறும் படித்தவர்கள் கதையை நன்றாகப் பிடித்துவிடுவார்கள், எண்ணை விட்டுவிடுவார்கள். வகுப்பில் ஆசிரியர் 'எவ்வளவு?' என்று கேட்கும் இடத்தில் சிக்குவார்கள். கணிதமும் புள்ளியியலும் படித்தவர்களுக்கு நேர் எதிர்: எண் வந்துவிடும், 'அதனால் என்ன செய்யலாம்' என்ற வரி வராது.

ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் இருந்தால் முதல் பதினைந்து நிமிடத்துக்குள் பேசிவிடுங்கள். அப்போது கேட்கப்படுவது கேஸின் நிலவரம் என்ன என்பதுதான். தயாரித்து வந்த இரண்டு வாக்கியங்கள் போதும். நேரம் ஆக ஆக, பிறர் சொன்னதை மறுத்தோ நீட்டித்தோ பேச வேண்டியிருக்கும், அது கடினம். வாரத்துக்கு ஒரு பாடத்தில் ஒருமுறை என்று தொடங்கினால் நான்காவது வாரத்தில் கை தானாக உயரும்.

பல நிறுவனங்களில் கோடைகாலப் பயிற்சிக்கான நேர்காணல்கள் அக்டோபர், நவம்பர் வாக்கில் நடக்கின்றன. பயிற்சி ஏப்ரலில் தொடங்கி எட்டு வாரம் போல நீளும். நேர்காணலுக்கு அழைக்கும் பட்டியல் தயாராகும்போது முதல் டெர்ம் கிரேடு பெரும்பாலும் வந்திருக்காது. பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண், பட்டப்படிப்பு மதிப்பெண், சிவியில் உள்ள சாதனைகள் ஆகியவைதான் பேசும். மார்க்கெட்டிங், மனிதவளம், விற்பனை, வங்கிப் பணிகளுக்குப் பட்டத்தின் பெயர் தடையாவது குறைவு. மென்பொருள் தயாரிப்பு மேலாண்மை, உற்பத்தி சார்ந்த சில பணிகளுக்குப் பொறியியல் மட்டும் என்று நிறுவனங்களே கேட்பது உண்டு. அவற்றுக்காக மனம் வருந்தி நேரத்தை வீணாக்காதீர்கள்.

'வரலாறு படித்துவிட்டு ஏன் எம்பிஏ?' என்று நேர்காணலில் கேட்பது உறுதி. 'எனக்குச் சிறு வயதிலிருந்தே வணிகத்தில் ஆர்வம்' என்ற பதில் எடுபடாது. உங்கள் பட்டப்படிப்பில் செய்த ஒரு குறிப்பிட்ட வேலையை எடுங்கள்: கள ஆய்வு, ஆவணத் தேடல், மொழிபெயர்ப்பு, கல்லூரி விழாவின் வரவு செலவு. அதில் எந்த முடிவை எப்படி எடுத்தீர்கள் என்று ஒன்றரை நிமிடத்தில் சொல்லி, விண்ணப்பித்த பணியில் அதே வேலை எங்கே வருகிறது என்று காட்டுங்கள். அடுத்த கேள்வி பெரும்பாலும் பட்டப்படிப்புப் பாடத்திலிருந்தே வரும். பொருளியல் படித்தவரிடம் பணவீக்கத்தையும் இலக்கியம் படித்தவரிடம் கடைசியாகப் படித்த நூலையும் கேட்பார்கள். அதற்காகச் சிவி கொடுக்கும் வாரத்திலேயே, பட்டப்படிப்பில் உங்களுக்குப் பிடித்த இரண்டு பாடங்களின் குறிப்பேடுகளை ஊரிலிருந்து வரவழைத்து ஒருமுறை புரட்டிவிடுங்கள்.